சித்தப்பாவின் புறங்கையும் மூன்று மோட்டார்களும்

போன மே மாதம், சேலத்தில் அயோத்தியாப்பட்டணம் தாண்டி ஒரு வறண்ட ஏரியில் என் ஹெலிகாப்டரை இறக்கியபோது அதன் சத்தம் மாறியிருந்தது. கீச்சென்று சுழல வேண்டியது, கரகரத்த தொண்டையோடு பாடுவது போலச் சுற்றிக்கொண்டிருந்தது. பேட்டரியைக் கழற்றிவிட்டு மோட்டாரைத் தொட்டேன். விரல் சுட்டுவிட்டது. வெங்காயம் கருகுவதற்குச் சற்று முன்னால் வருமே, அப்படி ஒரு வாசனை. காலை பதினொன்றரை மணி. வெயில் 38 டிகிரி. அந்த நேரத்தில் ஏரிக்குள் நானும் ரெண்டு ஆடுகளும்தான்.

ஹெலிகாப்டர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ரிமோட்டில் பறக்கும் மாடல். மேலே சுற்றும் விசிறியின் குறுக்களவு சுமார் 70 சென்டிமீட்டர், மொத்த எடை 800 கிராம். தைவானின் அலைன் நிறுவனம் டி-ரெக்ஸ் 450 என்ற பெயரில் உலகம் முழுக்கப் பரப்பிய அளவு இது. என்னிடம் இருப்பது அதே அளவில் வந்த ஒரு நகல், அதுவும் இன்னொருவர் ஓட்டிச் சலித்து விற்றது. பொம்மை என்று சொல்பவர்களுக்கு ஒரு கணக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன்: அந்த விசிறி நிமிடத்துக்கு 2,850 சுற்று சுற்றும்போது பிளேடின் நுனி மணிக்கு சுமார் 370 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதனால்தான் ஆள் இல்லாத ஏரி. 2021-இல் டிரோன் விதிகள் வந்த பிறகு இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. காமலாபுரம் விமான நிலையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறோம் என்று வரைபடத்தைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

சூடான மோட்டாரைத் துணியில் சுற்றிக்கொண்டு நேராகச் செவ்வாய்பேட்டையில் சித்தப்பாவின் வைண்டிங் கடைக்குப் போனேன். முப்பது வருஷத்துக்கும் மேலாகக் கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். 5 எச்.பி., 7.5 எச்.பி., சப்மெர்சிபிள், கம்ப்ரசர் என்று எதுவானாலும் பிரித்துப் போட்டு, கருகிய கம்பியை வெட்டியெடுத்து, புதிதாகச் சுற்றி வார்னிஷ் ஊற்றிக் கொடுப்பார். என் மோட்டாரைக் கையில் வாங்கியவர் முதலில் மூக்கருகே கொண்டுபோனார்.

"வார்னிஷ் வெந்திருக்குது. எத்தனை எச்.பி.டா கண்ணு இது?"

"எச்.பி. எல்லாம் போட மாட்டாங்க சித்தப்பா. 3,500 கேவி."

"கிலோவோல்ட்டா? இந்தக் குஞ்சு மோட்டாருக்கா?"

கடைப் பையன் சிரித்துவிட்டான். ஆனால் சித்தப்பா கேட்டதில் தப்பில்லை. மாடல் மோட்டார் வாங்கப் போகிற எல்லோரும் முதலில் இடறி விழுகிற கல் இந்தக் கேவிதான். கிலோவோல்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. சுமை ஏதும் இல்லாமல் ஒரு வோல்ட் கொடுத்தால் மோட்டார் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும் என்பதே கேவி. என் பேட்டரி 3 செல் லைப்போ (லித்தியம் பாலிமர்), 11.1 வோல்ட். 3,500-ஐ 11.1-ஆல் பெருக்கினால் 38,850 சுற்று. மோட்டார் தண்டில் 13 பல் பினியன் என்ற சின்னச் சக்கரம், விசிறித் தண்டில் 150 பல் பெரிய சக்கரம். பல் கணக்குப்படி விசிறிக்கு 3,367 வரும். சுமை ஏறினால் வேகம் குறையும், பேட்டரியும் கொஞ்சம் தணியும். அதற்காக நூற்றுக்குப் பதினைந்தைக் கழித்தால் 2,850 சொச்சம். இந்தக் கணக்கு ஒன்று கையில் இருந்தால் கடைக்காரர் சொல்வதில் பாதியைக் கேட்க வேண்டியதில்லை.

இதை விளக்கி முடிப்பதற்குள் சித்தப்பாவே பிடித்துக்கொண்டார். "அப்ப காயில்ல சுத்து கம்மியா இருந்தா கேவி ஜாஸ்தி, சுத்து ஜாஸ்தின்னா கேவி கம்மி. அவ்வளவுதானே? இது ஸ்டாரா, டெல்டாவா?"

டெல்டா என்றேன். (மூன்று காயில்களின் முனைகளை ஒன்றோடொன்று இணைக்கும் இரண்டு விதங்கள் இவை.)

"ஸ்டாருக்கு மாத்திக் கட்டினா ரெண்டாயிரம் சொச்சத்துக்கு இறங்கிரும். வோல்ட்டை ஏத்திக்கலாம்."

3,500-ஐ 1.73-ஆல் வகுத்துப் பார்த்தேன். 2,023. நான் நாள்கணக்கில் படித்துத் தெரிந்துகொண்டதை மனிதர் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரை வைத்து ஒரு நொடியில் சொல்லிவிட்டார். மூணு பேஸ் மோட்டார் எங்கே இருந்தாலும் மூணு பேஸ் மோட்டார்தான். கிணற்றுக்கு மூணு பேஸும் கம்பத்திலிருந்தே வந்துவிடுகிறது. ஹெலியில் பேட்டரியின் நேர்மின்சாரத்தை இ.எஸ்.சி. என்ற சின்னப் பலகை மூன்று பேஸாக வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. எந்த நொடியில் எந்தக் காயிலுக்குக் கொடுக்க வேண்டும் என்பதை, அப்போது சும்மா இருக்கும் ஒயரில் தெரியும் மின்னழுத்தத்தை வைத்து அதுவே கண்டுபிடித்துக்கொள்கிறது. கார்பன் பிரஷ் தேயும் என்ற பேச்சுக்கு இடமில்லை. என் முதல் ஹெலியில் இருந்தது பிரஷ் வைத்த மோட்டார். அது ஒரு சீசனைக்கூடத் தாண்டவில்லை. அதைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

இன்னொரு வேறுபாடும் சித்தப்பா கண்ணில் பட்டது. "வெளிக்கூடுல்ல சுத்துது?" ஆமாம். கிணற்று மோட்டாரில் காயில் வெளியே, சுற்றுவது உள்ளே. இதில் காயில் நடுவில் அசையாமல் நிற்க, காந்தம் ஒட்டிய கிண்ணம் வெளியே சுற்றும். அவுட்ரன்னர் என்று பெயர். புதிதாக இருக்கிறதே என்றால் தலைக்கு மேலே பாருங்கள். சீலிங் ஃபேனும் அவுட்ரன்னர்தான். இப்போது 30 வாட்டில் ஓடுகிறது என்று விற்கும் பி.எல்.டி.சி. ஃபேனுக்குள் இருப்பது என் ஹெலி மோட்டாரின் பெரியண்ணன். காந்தம் மையத்திலிருந்து தள்ளி இருப்பதால் திருப்பு விசை நன்றாகக் கிடைக்கும். கெடுதல் என்னவென்றால், சூடாகிற காயில் நடுவில் மாட்டிக்கொள்கிறது. கிணற்று மோட்டார் தன் சூட்டை உடம்பின் விலா எலும்பு போன்ற தகடுகள் வழியாக நேராக வெளியே தள்ளிவிடும். இதற்கு அந்த வழி கிடையாது. கிண்ணத்தின் மேல் இருக்கும் ஓட்டைகள் வழியாக உள்ளே போகும் காற்றை நம்பித்தான் பிழைப்பு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மோட்டார் போய்விட்டது என்றதும் நான் ஒன்றுக்கு இரண்டாக வாங்கினேன். (வீட்டில் ஒன்று என்றே சொல்லியிருக்கிறேன்.) ஒன்று அதே 3,500 கேவி, விலை மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இன்னொன்று 4,200 கேவி. எரிந்துபோனதையும் சேர்த்தால் மூன்று. மூன்றையும் சித்தப்பா கடை மேசையில் வரிசையாக வைத்தோம்.

3,500-க்கும் 3,500-க்கும் என்ன வித்தியாசம்? பெட்டியின் மேல் இருக்கும் எண்ணில் ஒன்றுமில்லை. வித்தியாசம் ஸ்லாட்டுக்குள், அதாவது காயில் கட்டும் பள்ளத்துக்குள், எவ்வளவு செம்பு அடைந்திருக்கிறது என்பதில். பழைய மோட்டாரில் கம்பி ஏனோதானோவென்று ஒன்றன்மேல் ஒன்று ஏறி, நடுவில் வெளிச்சம் தெரிகிற அளவுக்கு இடைவெளி. புதியதில் சீப்பால் வாரிய தலை மாதிரி வரிசை. அதே எண்ணிக்கை சுற்று, ஆனால் தடித்த கம்பி. அப்படியானால் மின்தடை குறைவு, சூடும் குறைவு. எவ்வளவு குறைவு என்று அளக்க வேண்டுமே. சாதாரண மல்டிமீட்டரில் ஓம் அளக்கப் போனால் பூஜ்யம் என்று காட்டிவிட்டுப் போய்விடும். அவ்வளவு சின்னத் தடை.

சித்தப்பா ஒரு கார் ஹெட்லைட் பல்பை எடுத்தார். 12 வோல்ட், 55 வாட். அதை 12 வோல்ட் பேட்டரியில், மோட்டாரின் ஏதாவது இரண்டு ஒயர்கள் வழியாகத் தொடராக இணைத்தார். பல்பு எரிந்தது. ஏறத்தாழ நாலரை ஆம்பியர் ஓடுகிறது என்று, ஒயரைக் கவ்வி அளக்கும் டாங் டெஸ்டர் சொன்னது. இப்போது மோட்டாரின் அந்த இரண்டு ஒயர்களுக்கு இடையே வோல்ட் பார்த்தால் பழையதில் 0.16, புதியதில் 0.11. ஆம்பியரால் வகுத்தால் ஒன்று 36 மில்லி ஓம், மற்றது 24. கேட்பதற்கு அற்பமாகத்தான் இருக்கும். ஆனால் கம்பியில் வீணாகும் சூடு ஆம்பியரின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிற சமாசாரம். 20 ஆம்பியரில் பழையது 14 வாட் சூடாக்கும், புதியது 10 வாட்டுக்குள். ஒரு வேகமான ஏற்றத்தில் 40 ஆம்பியர் போனால் 58-க்கு 38. அறுபது கிராம் சொச்சம் இருக்கும் ஒரு பொருளுக்குள் 58 வாட் சூடு என்றால், சாலிடரிங் அயர்ன் முனையை ஒரு கொய்யாக்காய்க்குள் குத்தி வைத்த கதை. அதோடு நிற்பதில்லை. செம்பு ஒவ்வொரு டிகிரி சூடாகும்போதும் அதன் தடை நூற்றுக்கு 0.39 பங்கு ஏறும். 60 டிகிரி ஏறினால் தடை கிட்டத்தட்ட கால் பங்கு கூடிவிடும். சூடு தடையை ஏற்ற, தடை மறுபடி சூட்டை ஏற்றும்.

செம்பு தாங்கினாலும் காந்தம் தாங்க வேண்டும். மலிவான நியோடிமியம் காந்தம் 80 டிகிரிக்கு மேல் போனால் தன் பலத்தில் கொஞ்சத்தை நிரந்தரமாக இழக்கத் தொடங்கும். 150 டிகிரி தாங்கும் வகைகளும் உண்டு, விலைதான் கூட. காந்தம் வலுவிழந்தால் மோட்டார் மெதுவாகும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நேர்மாறு. கேவி ஏறும், அதே வேலைக்கு ஆம்பியரை அதிகம் இழுக்கும், இன்னும் சூடாகும். இதையும் சோதித்தோம். மோட்டார் தண்டை டிரில் மெஷினில் மாட்டி 2,800 சுற்றில் ஓட்டி, இரண்டு ஒயர்களுக்கிடையே ஏ.சி. வோல்ட் பார்த்தால் போதும். புதிய 3,500-இல் 0.57 வந்தது. பழையதில் 0.53. அதே வேகத்தில் வோல்ட் குறைந்தால் கேவி ஏறியிருக்கிறது என்று பொருள். அதாவது பழையது இப்போது 3,700-க்கும் மேலே. வாங்கிய அன்று அது 3,500-ஆகத்தான் இருந்ததா என்று யார் பிடித்துப் பார்த்தார்கள்? அதனால் இந்தக் குற்றச்சாட்டை முழுசாக வெயில் மேல் போட எனக்கு மனமில்லை.

அடுத்து 4,200. கேவி கூடினால் பவர் கூடும் என்பது நம் பையன்களிடம் ஊறிப்போன நம்பிக்கை. 13 பல் பினியனை அப்படியே வைத்துக்கொண்டு 4,200-ஐ மாட்டினால் விசிறி வேகம் ஏறும், ஆம்பியர் எகிறும், பவர் கூடியது போலத்தான் இருக்கும். அந்தப் பவர் மோட்டாரிலிருந்து வந்ததல்ல, கியரை மாற்றாததால் வந்தது. நியாயமாக ஒப்பிட வேண்டுமானால் விசிறி வேகம் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். 4,200-ஐ 11 பல்லால் பெருக்கினால் 46,200. 3,500-ஐ 13-ஆல் பெருக்கினால் 45,500. கிட்டத்தட்ட ஒன்றுதான். அப்படி மாட்டிப் பறந்தபோது கையில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. இறக்கிய பிறகு சூட்டில்தான் தெரிந்தது. வெறுமனே ஒரே இடத்தில் மிதக்கவிட்டால் 4,200 அதிகம் சூடாகிறது. வேகமாகச் சுற்றுவதால் அதன் இரும்புத் தகடுகளில் காந்தப்புலம் அடிக்கடி திசை மாறி அங்கே இழப்பு கூடுகிறது. ஆனால் மேலே கீழே புரட்டி எடுத்தால் கதை மாறுகிறது. அப்போது செம்பின் இழப்பு பெரிது. சுற்று குறைந்து கம்பி தடித்த 4,200 அங்கே சற்று நிம்மதியாக இருக்கிறது. தலைகீழாகப் பறக்கவிடும் வயசுப் பையன்களுக்கு அது சரி. நான் நாற்பதைத் தாண்டியவன், நாலு வட்டம் போட்டு இறக்குகிறவன். எனக்கு 3,500 போதும். 11 பல் பினியன் பெரிய சக்கரத்தைச் சீக்கிரம் தின்றுவிடும் என்பது தனி.

வோல்ட்டை ஏற்றும் யோசனையையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். 6 செல், 22.2 வோல்ட், 1,800 கேவி என்று போனால் மோட்டார் குளிர்ச்சியாக ஓடும் என்பார்கள். பாதி உண்மை. அதே பவருக்கு ஆம்பியர் பாதியாவதால் பேட்டரி ஒயர், கனெக்டர், இ.எஸ்.சி. எல்லாம் குளிரும். மோட்டார்? கேவியைப் பாதியாக்க இரண்டு மடங்கு சுற்று வேண்டும், அதே ஸ்லாட்டுக்குள் அடங்க கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு பாதியாக வேண்டும். தடை நாலு மடங்கு, ஆம்பியர் பாதி. பெருக்கிப் பார்த்தால் அதே சூடு. சித்தப்பா இதைக் காகிதம் இல்லாமலே சொன்னார்: "அதே பள்ளம், அதே செம்பு. நீ எப்படி மடிச்சு வெச்சா என்ன?"

ஜூனில் ஏற்காட்டுக்குப் போனேன். நண்பர் ஒருவருக்கு அங்கே காபித் தோட்டத்தில் பழம் உலர்த்தும் களம் இருக்கிறது. சீசன் இல்லாதபோது காலியாகக் கிடக்கும். "மலையில காத்து லேசுப்பா, 3,500 திணறும், 4,200-ஐப் போட்டுட்டு வா" என்று போனிலேயே எச்சரித்திருந்தார். இருபது கொண்டை ஊசி வளைவு முழுக்க அதே யோசனை.

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர். ஏற்காடு 1,500. அந்த உயரத்தில் காற்றழுத்தம் சேலத்தைவிட நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு குறைவு. அதை மட்டும் பார்த்தால் நண்பர் சொன்னது சரி. ஆனால் சூடான காற்றும் லேசான காற்றுதான். 38 டிகிரியில் கொதிக்கும் ஏரிக் காற்று ஒரு கன மீட்டருக்கு 1.10 கிலோ என்றால், 20 டிகிரியில் ஏற்காட்டுக் காற்று 1.01. வித்தியாசம் நூற்றுக்கு எட்டு பங்குதான். மலை எடுத்துக்கொண்டதில் ஒரு பகுதியைச் சேலத்து வெயில் ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கிறது! அந்த எட்டை ஈடுகட்ட விசிறி வேகத்தை நூற்றுக்கு நாலு பங்கு ஏற்றினால் போதும், இல்லையென்றால் பிளேடின் சாய்வைக் கொஞ்சம் கூட்டினால் போதும். நான் இரண்டையும் செய்யவில்லை. ஹெலி தூக்கியபோது, ரிமோட்டில் அதை ஏற்றி இறக்கும் கலெக்டிவ் குச்சி வழக்கத்தைவிட ஒரு நூல் மேலே இருந்தது, அவ்வளவுதான். திடீரென்று மேலே ஏற்றும்போது மட்டும் சோம்பல் தெரிந்தது.

ஐந்து நிமிடம் பறந்து இறக்கியபின் அகச்சிவப்பு வெப்பமானியைப் பிடித்தேன். 60 டிகிரி. இதே மோட்டார், இதே ஐந்து நிமிடம், ஏரியில் 81. (பளபளக்கும் அலுமினியக் கூட்டின் மேல் நேராகப் பிடித்தால் அந்தக் கருவி பொய் சொல்லும், குறைத்துக் காட்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, அதன் மேல் பிடிக்க வேண்டும். இது தெரியாமல் ஒரு வருஷம் நான் எல்லோரிடமும் தவறான எண்ணைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.) மோட்டார் எங்கே இருந்தாலும் சுற்றியிருக்கும் காற்றைவிட ஏறக்குறைய நாற்பது டிகிரி மேலே போகிறது. தொடங்குகிற இடம்தான் வேறு. மலை மோட்டாரைக் கொல்லும் என்று பயந்துகொண்டு போனவன், கொல்வது மே மாத ஏரிதான் என்று தெரிந்துகொண்டு இறங்கினேன். ஒரே ஒரு எச்சரிக்கை: மலைக் குளிரில் லைப்போ சோம்பேறி. முதல் ஒரு நிமிடம் மிதக்கவிட்டுச் சூடேற்றிவிட்டுத்தான் வேலை வாங்க வேண்டும். பேட்டரியைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு டீ குடித்தாலும் நடக்கும்.

திரும்பி வந்தபோது சித்தப்பா பழைய மோட்டாரைப் பிரித்து வைத்திருந்தார். தன்மானப் பிரச்சினை ஆகிவிட்டது போலிருக்கிறது. பக்கத்தில் கொலுசுப் பட்டறைக்காரரிடம் கண்ணில் மாட்டும் லென்ஸைக் கடன் வாங்கி, பல் குத்தும் குச்சியை வைத்து ஒன்பது ஸ்லாட்டிலும் கம்பியை இறுக்கி இறுக்கிக் கட்டியிருந்தார். கம்பெனி போட்டது எட்டு சுற்று. இவர் ஒன்பது.

"ஏன் சித்தப்பா ஒன்னு ஜாஸ்தி?"

"காந்தம் சோந்துபோச்சுன்னு நீதானே சொன்ன? அதுக்கு ஈடா."

டிரிலில் மாட்டினோம். 0.60 வோல்ட். கேவி 3,300 சொச்சம். பல்பு சோதனையில் பழைய தடையைவிடக் குறைவு, ஒரு சுற்று கூடியும். 13 பல் பினியனிலேயே மாட்டி அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஏரிக்குப் போனோம். சித்தப்பா முதல் தடவையாக உடன் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கருவேல மரத்தடியில் தள்ளி நின்றார். விசிறி வேகம் கொஞ்சம் குறைவுதான், ஆனால் சத்தம் சுத்தம். ஐந்து நிமிடத்தில் இறக்கி, பேட்டரியைக் கழற்றி, பையில் வெப்பமானியைத் தேடுவதற்குள் அவர் குனிந்து புறங்கையை மோட்டார் மேல் வைத்துவிட்டார். கிணற்று மோட்டாருக்கு அவர் வைத்திருக்கும் கணக்கு அது. ஐந்து எண்ணும் வரை கை தாங்கினால் மோட்டார் பிழைக்கும்.

ஒன்று, இரண்டு என்று வாய்க்குள் எண்ணினார். ஏழில் கையை எடுத்தார்.

"அந்தப் பதினாலு பல்லு சக்கரம் இருக்குதுன்னியே, வாங்கிப் போடு. இன்னும் தாங்கும்."